நடுவில் ஒரு வீடு: கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் மனைவியின் வேலையிடம் ஊரின் வடக்கு ஓரத்தில், என்னுடையது தெற்கு ஓரத்தில். இரண்டுக்கும் இடையே 40 கி.மீ. இப்போதைய வாடகை வீடு அவளுக்கு 8 கி.மீ., எனக்கு 32. அவள் 20 நிமிடத்தில் போய்விடுகிறாள். எனக்குக் காரில் காலையில் 75 நிமிடம். அவள் வாரம் 5 நாளும் போகவேண்டும், நேரம் தவறக்கூடாத வேலை. எனக்கு 3 நாள், மீதி வீட்டிலிருந்து. ரயில் இருக்கிறது, ஆனால் நிலையம் வீட்டிலிருந்து 4 கி.மீ. அடுத்த ஆண்டு மகள் பள்ளிக்குப் போகிறாள். அதற்குள் வீடு மாறவேண்டும், முடிந்தால் வாங்கிவிடவேண்டும். நடுவில் பார்ப்பதுதான் நியாயம் என்கிறேன் நான். ‘ஒருத்தர் படுற பாட்டை ரெண்டு பேரும் படுறதுல என்ன நியாயம்’ என்கிறாள் அவள். என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நடுவில் வீடு பார்த்தால் பயணம் குறையும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இரண்டு இடங்களை இணைக்கும் கோட்டில் எங்கே குடியிருந்தாலும் இரு முனைக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 40தான் வரும். 20ம் 20ம் நாற்பது, 8ம் 32ம் நாற்பது. நடுவீடு பயணத்தைப் பங்கு போடும், குறைக்காது.

அதுவும் இருவரும் சமமாகப் போய்வந்தால்தான். உங்கள் மனைவிக்கு வாரத்தில் 10 நடை, உங்களுக்கு 6. இப்போது அவர் 80 கி.மீ., நீங்கள் 192, மொத்தம் 272. நடுவுக்குப் போனால் அவர் 200, நீங்கள் 120, மொத்தம் 320. உங்களுக்கு 72 குறைந்து அவருக்கு 120 கூடுகிறது. தொழிற்சாலையை எங்கே வைப்பது என்று 1909-ல் ஆராய்ந்த ஜெர்மன் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபரின் கேள்வியும் இதுதான்: மூலப்பொருள் ஓரிடத்தில், சந்தை வேறிடத்தில், ஆலை எந்தப் பக்கம் சாயும்? இரண்டே இடங்கள் என்றால் கணக்கு இரக்கமே காட்டாது. சுமை கூடிய பக்கத்தின் வாசலுக்கே ஆலை போய்விடும். அந்தக் கணக்குப்படி நீங்கள் மனைவியின் அலுவலகத்துக்கு எதிர்வீட்டில் இருக்கவேண்டும்.

ஆனால் நாம் அனுபவிப்பது கிலோமீட்டரை அல்ல, நிமிடத்தை. நடுவீட்டிலிருந்து அவருக்கு 45 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 25 கூடுதல், வாரத்துக்கு 250. அதை ஈடுகட்ட உங்களுக்கு நடைக்கு 42 நிமிடம் மிச்சமாகவேண்டும், அதாவது 75 என்பது 33 ஆகவேண்டும். இப்போதைய வீட்டிலிருந்து நடு வரை வரும் சாலை காலையில் நெரிசலாகவும், நடுவிலிருந்து தெற்கே போகும் சாலை காலியாகவும் இருந்தால் அது நடக்கலாம். இல்லாவிட்டால் குடும்பத்துக்கு நஷ்டம்.

இதனால் உங்கள் குறை பொய்யாகிவிடாது. 20 நிமிடம் 40 ஆவதும் 75 நிமிடம் 95 ஆவதும் ஒன்றல்ல, பின்னது தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி 1994-ல் சொன்னது: நடந்தாலும் சரி, ரயிலில் போனாலும் சரி, மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு, போகவர, சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள். உங்களுடையது இரண்டரை மணி. 2004-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் நாளின் ஒவ்வொரு வேலையையும் எப்படி உணர்ந்தார்கள் என்று உளவியலாளர் டேனியல் கானமன் குழு கேட்டபோது, காலைநேர அலுவலகப் பயணம் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. ஆகவே உங்கள் 75-ஐக் குறைத்தே ஆகவேண்டும். அதற்கு நடுதான் வழி என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இருவரும் அந்தக் கோட்டின் மேலேயே வீடு தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கோட்டை விட்டு விலகிப் பாருங்கள். ஊர் வரைபடத்தை 1 செ.மீ.க்கு 2 கி.மீ. அளவில் அச்செடுத்து அட்டையில் ஒட்டுங்கள். இரண்டு அலுவலகங்களிலும் குண்டூசி குத்தினால் இடைவெளி 20 செ.மீ. முடிச்சுகளுக்கு இடையே 25 செ.மீ. நிற்கிற மாதிரி ஒரு நூலை இரண்டு ஊசிகளிலும் கட்டுங்கள். பென்சில் முனையால் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி ஒரு பக்கம் வரையுங்கள், பிறகு மறுபக்கம். வருவது ஒரு நீள்வட்டம். அதற்குள் எங்கே வீடு எடுத்தாலும் இருவரின் ஒருவழித் தூரமும் சேர்ந்து 50 கி.மீ.யைத் தாண்டாது.

அந்த வட்டத்தின் இடுப்பைப் பாருங்கள். அகலம் 15 செ.மீ., அதாவது 30 கி.மீ.! நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 15 கி.மீ. தள்ளிப்போனாலும் ஆளுக்கு 5 கி.மீ.தான் கூடும். உங்கள் ரயில் நிலையம் இப்போதைய வீட்டுக்குப் பக்கவாட்டில் 4 கி.மீ.யில் இருந்தால், வீட்டை அங்கே மாற்றும்போது மனைவியின் 8 என்பது 9 ஆகும், உங்கள் 32 என்பது 32கால் ஆகும். இது நேர்க்கோட்டுக் கணக்கு. சாலை வளைந்துபோகும், ஆறோ தண்டவாளமோ குறுக்கே வந்தால் சுற்றவேண்டும், உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் விலகிப்போவதற்கு இவ்வளவு குறைந்த விலை என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது நடுவை அல்ல, மனைவியின் பக்கத்தில் நிலையத்தை ஒட்டிய தெருக்களை. நிலையத்திலிருந்து 800 மீட்டருக்குள், அதாவது 10 நிமிட நடை. அதற்கு மேல் போனால் மழை நாளில் வண்டியை எடுப்பீர்கள், வண்டியை எடுத்தால் நிறுத்த இடம் தேடுவீர்கள், பிறகு காரிலேயே போய்விடுவீர்கள். ரயிலில் 60 நிமிடம் ஆனாலும், உட்கார இடம் கிடைத்தால் அது காரில் போகும் 60 நிமிடத்தோடு ஒப்பிடக்கூடியதல்ல. இடம் கிடைக்குமா என்பது வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து நீங்கள் எத்தனையாவது நிறுத்தம் என்பதைப் பொறுத்தது. மறுமுனையையும் பாருங்கள். இறங்கிய பிறகு அலுவலகம் எவ்வளவு தூரம், அங்கே போக என்ன இருக்கிறது? வண்டி மாறவேண்டுமென்றால், இரண்டாவது வண்டி 30 நிமிடத்துக்கு ஒன்று என்றால், ஒன்றைத் தவறவிட்டால் 30 நிமிடமும் போச்சு. ரயிலின் வேகத்தை விட இந்த இடைவெளிதான் முக்கியம்.

நேரத்தை அளக்கும்போது பலரும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போன நேரத்தைச் சொல்கிறார்கள். அது எதற்கும் உதவாது. கைப்பேசி வரைபடத்தில் புறப்படும் நேரத்தையும் கிழமையையும் குறித்துப் பார்த்தால் ‘35 முதல் 70 நிமிடம்’ என்று ஓர் இடைவெளி காட்டும். நேரம் தவறக்கூடாத வேலையில் இருப்பவர் 70-ஐ நம்பித்தான் கிளம்பவேண்டும், ஆகவே அவருக்கு அது 70 நிமிடப் பயணம். நேரம் முன்பின் ஆனாலும் பாதகமில்லாதவருக்கு 50 என்று போடலாம். உங்கள் இருவரில் தாமதமானால் மாட்டிக்கொள்பவர் மனைவிதான். பாலமோ ரயில்வே கேட்டோ குறுக்கே வந்தால், அதைத் தாண்டவேண்டியவர் நீங்களாக இருக்கட்டும். காலையையும் மாலையையும் தனித்தனியாகப் பாருங்கள். காரை நிறுத்துவது, வாயில் சோதனை, லிஃப்ட் எல்லாம் சேர்த்து வீட்டுக் கதவிலிருந்து மேசை வரைக்கும். உங்கள் அலுவலகம் சம்மதித்தால், 40 நிமிடம் முன்னதாகக் கிளம்பி 40 நிமிடம் முன்னதாகத் திரும்புவது எவ்வளவு மிச்சம் தருகிறது என்பதையும் குறியுங்கள். வீடு மாறாமலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்கள் உண்டு.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் இரண்டு புள்ளிகள் மூன்றாகின்றன. நடுவீட்டின் பலவீனம் அப்போதுதான் தெரியும். பகல் 11 மணிக்குப் பள்ளியிலிருந்து ‘காய்ச்சல், கூட்டிப் போங்கள்’ என்று அழைப்பு வருகிறது. ஒருவர் வடக்கே 45 நிமிடத்தில், மற்றவர் தெற்கே 45 நிமிடத்தில். யாராலும் அரைமணிக்குள் வரமுடியாது. மனைவியின் பக்கம் இருந்தால் அவர் 20 நிமிடத்தில் வந்துவிடுவார். பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், யாருடைய அலுவலகத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். நாளைக்கு அந்த வேலை மாறினால் பள்ளியும் அந்தரத்தில் தொங்கும்.

உங்கள் மனைவி பதில் கேட்கவேண்டிய இடமும் இதுதான். பக்கத்தில் வேலை செய்பவர் தலையில்தான் எல்லாம் வந்து விழும். காய்ச்சலுக்கு அவர், சிலிண்டருக்கு அவர், பள்ளிக்கூட்டத்துக்கு அவர், ‘நீதானே பக்கத்துல இருக்க’ என்ற ஒரே காரணத்துக்காக. உங்கள் பயணம் அவருக்கு வேலையாக மாறிவிடும். அதை வீடு மாறும் முன்பே பேசிவிடுங்கள். நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் 2 நாட்களில் பள்ளிக்குக் கொண்டுவிடுவது, கூட்டிவருவது, சமையல், பள்ளியிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் உங்களுடையது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கொடுக்கும் முதல் தொடர்பு எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை: இப்போது வேண்டாம். இருவரில் யாருடைய வேலை முதலில் மாறும் என்று தெரியாதபோது, இன்றைய இரண்டு முகவரிகளுக்காக இருபது வருடக் கடனைக் கட்டக்கூடாது. வாடகைக்கு ஒரு பள்ளியாண்டு இருந்து பாருங்கள்.

வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தெருவிலிருந்து ஒரு திங்கள் காலையும் ஒரு வெள்ளி மாலையும் நீங்களே ரயிலில் போய்வாருங்கள். அதே நாட்களில் மனைவி அங்கிருந்து தன் வழியைப் பார்க்கட்டும். நிமிடங்களைக் காகிதத்தில் எழுதுங்கள், நினைவில் வைக்காதீர்கள். பிடித்த வீட்டுக்குப் போகும் நேரத்தை நினைவு எப்போதும் குறைத்துத்தான் சொல்லும்.