கள்ளுக்கடையில் முகம் பார்ப்பார்கள்

கேள்வி: பதினாறு வயது ஆகாத பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராம், யூட்யூப் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலியாவில் சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கேயும் வந்தால் எங்களைப் போன்ற பெற்றோருக்கு நிம்மதிதானே?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: அவசரப்பட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள் அம்மா.

அந்தச் சட்டம் யார் சட்டையைப் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. கணக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை. தடுக்க உருப்படியாக எதுவும் செய்யாத நிறுவனத்துக்குத்தான் அபராதம், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. எனக்கு அதில் பிடித்தது அந்த ஒன்றுதான்.

இங்கே என்ன இருக்கிறது? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது ஆகாத எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. ஒப்புதல் பகுதி நடப்புக்கு வர ஒன்றரை ஆண்டுத் தவணை. சரி, அந்த ஒப்புதலை வீட்டில் யார் கொடுப்பார்கள்? அப்பா தென்னந்தோப்பில், அம்மா தொழிலுறப்பு எனும் அரசு ஊரக வேலையில். கேஸ் புக் பண்ணுவதும், ஓடிபி வந்தால் படித்துச் சொல்வதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை. ‘பெற்றோர் சம்மதமா?’ என்று திரை கேட்டால் ‘ஆம்’ என்று அமுக்கப்போவதும் அதே விரல்தான்.

கேரளத்தில் குடிக்க 23 வயது ஆக வேண்டும். நம் சித்தூர்ப் பக்கக் கள்ளுக்கடையில் அதற்காகச் சட்டப் புத்தகத்தையா பிரிக்கிறார்கள்? முகத்தைப் பார்த்ததும், “நீ இன்னார் மகன்தானே, ஓடுடா” என்று விரட்டுவார்கள். இன்ஸ்டாகிராமுக்கு யார் மகனையும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஆளாளுக்கு முகத்தைக் கேமராவில் காட்ட வேண்டும், அட்டையை நீட்ட வேண்டும். பிள்ளை மட்டுமல்ல, நீங்களும் நானும்தான். அரசு அடையாள அட்டை ஒன்றையே கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆதார் நகல் கேட்காத இடத்தைத் தேட வேண்டிய நம் நாட்டில் இதை யார் எழுதிவைப்பார்கள்?

‘கேரளம் தனியாகவே தடை போடட்டும்’ என்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டு எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரியை மறிக்கலாம். டவரை எப்படி மறிப்பது? எல்லையோர வீடுகளில் திண்ணைக்கு ஒரு மாநில டவர், கொல்லைக்கு இன்னொன்று!

சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்து, முன்பின் தெரியாதவன் பிள்ளைக்குச் செய்தி அனுப்புவதை அடை என்று நிறுவனத்தின் தலையில் கட்டுகிற சட்டம் வரட்டும், நானே வரவேற்று எழுதுகிறேன்.

அப்புறம், இன்ஸ்டாகிராமில் 13 வயது வரம்பு இப்போதே இருக்கிறது. உங்கள் பிள்ளை எந்த ஆண்டு பிறந்ததாகப் போட்டிருக்கிறது என்று இன்று ராத்திரி போனை வாங்கிப் பாருங்கள். பாட்டியின் பிறந்த ஆண்டாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.