கொல்லைக்கு எந்த வேலி? வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் கட்டுமானப் பகுதிக்கு வந்தவற்றில் வேலி பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் கொல்லையில் கிணறும் துவைகல்லும் இருக்கின்றன. பக்கத்து மனையில் வீடு வந்துவிட்டதால் 60 அடி நீளத்துக்கு ஆள் உயர மறைப்பு வேண்டும். ஹாலோ பிளாக், ரெடிமேட் காம்பவுண்ட், கலர் ஷீட் மூன்றுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறோம். கடற்கரை மிகவும் பக்கம். எதைப் போடலாம்?
– வாசகி, கடலூர்

பதில்: உங்கள் ஊரில் விலையைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது உங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-ன்படி கடலூர்க் கடற்கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ அளவுக்கு அழுத்தும். 8 அடிக்கு ஒரு தூண் நட்டு 6 அடி உயரத்துக்கு ஷீட் அடித்தால், ஒரு தூணின் பங்குக்கு 48 சதுர அடி வருகிறது. அதாவது ஒவ்வொரு தூணையும் 650 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும். ஒன்றரை அடி குழி தோண்டி மண்ணைப் போட்டு மிதித்து நட்ட தூண் இதற்கு நிற்காது. ஷீட் கிழியாது, தூணோடு சேர்ந்து படுத்துவிடும். அதோடு உப்புக் காற்றில் ஷீட்டின் வெட்டிய விளிம்பும் ஸ்குரூ ஓட்டையும்தான் முதலில் துருப்பிடிக்கும். கலர் ஷீட்டை விட்டுவிடுங்கள்.

ரெடிமேட் காம்பவுண்ட் என்பது முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளைத் தூண்களின் பள்ளத்தில் செருகுவது. அந்தப் பலகைகள் ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமன்தான். உள்ளே இருக்கும் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் ஓர் அங்குலம்கூட இருக்காது. கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட் சில்லு சில்லாகப் பெயரும். தூணையும் வழக்கமாக 2 அடிதான் புதைக்கிறார்கள். மணல் பூமிக்கு அது குறைவு.

ஆகவே ஹாலோ பிளாக் போடுங்கள், ஆனால் 6 அடியையும் அடைத்துக் கட்ட வேண்டாம். தரையிலிருந்து 4 அடி வரை 6 அங்குல பிளாக், அதற்கு மேல் 2 அடிக்கு ஜாலி (துளைகள் உள்ள கான்கிரீட் கல்). காரணம் இதுதான்: சுவரைச் சாய்க்கும் திருப்புவிசை உயரத்தின் இருமடிப்படி ஏறும். 4 அடிச் சுவருக்கு 16 என்றால் 6 அடிச் சுவருக்கு 36. மேலே உள்ள இரண்டடி மட்டுமே மொத்தச் சாய்ப்பில் பாதிக்கு மேல் கொண்டுவருகிறது. அந்த இரண்டடியில் காற்றுக்கு வழி விட்டால் கீழே அஸ்திவாரத்தின் பாரம் நன்றாகக் குறையும். சாய்வான துளை உள்ள ஜாலியாக எடுத்தால் நேராகப் பார்ப்பவருக்கு உள்ளே தெரியாது. கொடி படர விடுவதானால் புரட்டாசிக்குள் கழித்துவிடுங்கள். அடர்ந்த கொடி ஜாலியின் ஓட்டையை அடைத்து, பழையபடி முழுச் சுவராக்கிவிடும்.

10 அடிக்கு ஒரு தூண் வைத்தால் 60 அடிக்கு 7 தூண். 9க்கு 9 அங்குலம், 12 மி.மீ. கம்பி நான்கு, 8 மி.மீ. ரிங் 6 அங்குலத்துக்கு ஒன்று. கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் கான்கிரீட் மூடியிருக்கட்டும். தூண் குழி 4 அடி ஆழம். தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் பெல்ட் பீம். 16க்கு 8 அங்குல பிளாக், 4 அடி உயரத்துக்கு உடைசல் சேர்த்து 250 கல் போதும். கொல்லைத் தண்ணீர் தேங்காமலிருக்க 8 அடிக்கு ஒரு வடிகுழாய் விடுங்கள். மழையில் ஊறிய அஸ்திவாரத்தோடு புயலைச் சந்திக்கும் சுவர்தான் முதலில் சாயும்.

கொத்தனாரிடம் முன்பே பேசிவிட வேண்டியது ஒன்று உண்டு. சுவர் உங்கள் எல்லைக்குள் இருந்தாலும் தூணின் அடிக் கான்கிரீட் 3 அடி அகலம் விரியும். அது மண்ணுக்குள் பக்கத்து மனையில் நீண்டிருந்தால் பின்னாளில் வழக்குதான். புலப்படத்தை (மனையின் எல்லை அளவுகள் உள்ள நில அளவை வரைபடம்) வைத்து அளந்து கல் நட்ட பிறகே குழி வெட்டுங்கள். அடிக் கான்கிரீட்டை உங்கள் பக்கமே ஒதுக்கிப் போடச் சொல்லுங்கள், அந்த ஒதுக்கலுக்கான கம்பிக் கணக்கைப் பொறியாளர் ஒருவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரிசல் பூமி. இரண்டடி அஸ்திவாரத்தில் கட்டிய செங்கல் காம்பவுண்ட் நான்கே ஆண்டில் விரல் நுழையும் அளவு வெடித்துச் சாய்ந்துவிட்டது. திரும்பவும் சுவர் கட்டலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அதே மாதிரி கட்டினால் அதே மாதிரிதான் வெடிக்கும். கரிசல் மழையில் ஊறிப் பருக்கும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். இரண்டடி ஆழம் அந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. கடலூர் வாசகிக்கு வேண்டாம் என்ற ரெடிமேட் காம்பவுண்ட்தான் உங்களுக்கு ஏற்றது. தூணின் பள்ளத்துக்குள் பலகைகள் தனித்தனியாக நிற்பதால் ஒரு தூண் அரை அங்குலம் எழும்பினாலும் எதுவும் பிளக்காது. பலகையையும் தூணையும் சிமென்ட் பூசி இறுக்கிவிட வேண்டாம், அது ஆடுவதற்காகவே விட்ட இடம். தூணை 3 அடிக்குக் குறையாமல் இறக்கிக் குழி முழுக்கக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். குளியலறைத் தண்ணீர் வேலியோரம் ஓடக் கூடாது.

கட்டாயம் சுவர்தான் வேண்டுமென்றால், ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே உருவாக்கிய அடி அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) இருக்கிறது. வழக்கமாக மூன்றரை மீட்டர் ஆழம், அடியில் குமிழ் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலம். பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குலமாவது வெற்றிடம் விட வேண்டும், இல்லையேல் ஊறிப் பருக்கும் மண் பீமையே தூக்கும். ஒரு வேலிக்கு இவ்வளவு செலவு தேவையா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: உயிர்வேலி வைக்க ஆசை. 100 அடி. ஆடு தொல்லை உண்டு. கிளுவை மட்டும் போதுமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: ஆட்டுக்குக் கிளுவை முள் போதும், மறைப்புக்குப் போதாது. கோடையில் இலை உதிர்த்து நிற்கும், வீடு வெட்டவெளியாகத் தெரியும். வெளி வரிசையில் கிளுவை, ஒன்றரை அடி தள்ளி உள் வரிசையில் ஆடாதொடை வையுங்கள். ஆடு தொடாததால்தான் அந்தப் பெயரே வந்தது.

கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) கட்டைவிரல் தடிமனில், 3 அடி நீளத்தில், அடிக்கு ஒன்றாக 100. ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் குத்தி நட்டு, சுற்றிலும் மண்ணை இறுக்குங்கள். ஆடினால் வேர் பிடிக்காது. ஆடாதொடை ஒன்றரை அடிக்கு ஒன்று, அவை 67 வரும். ஐப்பசி மழை தொடங்கும்போது நட வேண்டும். பலரும் செய்யும் தவறு, செடி உயரட்டும் என்று வெட்டாமல் விடுவது. மேலே குடையாக விரிந்து அடியில் ஓட்டை விழுந்துவிடும். ஆடாதொடை இரண்டடி வந்ததும் ஒன்றரை அடியில் வெட்டுங்கள், பக்கக் கிளை அடித்தூரிலிருந்தே சடைக்கும். வேலி அடர்ந்து மூட இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை 90 சதவீதம் நிழல் தரும் பச்சை வலை கட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: கிடுகு (பின்னிய தென்னோலை) வேலியை ஆண்டுதோறும் அடைக்க ஆள் கிடைப்பதில்லை. இருக்கிற கதியாலிலேயே (வேலிக்கு நட்ட உயிர்மரக் கம்பங்களிலேயே) தகரம் அடிக்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம். பூவரசும் முள்முருங்கையும் சீமைக்கிளுவையும் உயிரோடு பருக்கிறவை. பட்டை ஆணியை விழுங்கும், தகரம் நெளியும், காற்றில் கதியால் ஆடும்போது ஆணித்துளை கிழியும். தகரம் வேண்டுமானால் அதற்குத் தனியாகச் சீமெந்துத் தூண் வேண்டும். சுண்ணாம்புக்கல் மேலேயே தட்டுப்படும் காணிகளில் அதற்குக் குழி எடுப்பதும் எளிதல்ல. கிடுகை விடப் பனையோலை கூடுதல் காலம் நிற்கும், அதற்கு மாறுங்கள். கதியாலை ஆண்டுக்கொருமுறை மறக்காமல் வெட்டுங்கள். குழை தோட்டத்துக்கு உரமாகும், வேலியும் காற்றுக்குத் தலைகொடுக்காது.

கேள்வி: பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து எங்கள் துணி துவைக்கும் இடம் தெரிகிறது. வேலியை 8 அடியாக உயர்த்தினால் போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 15 அடி, ஜன்னல் உங்கள் வேலியிலிருந்து 20 அடி, துவைகல் வேலிக்கு உள்ளே 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 5 அடி உயரம் உள்ளவரை மறைக்க வேலி 8 அடி 4 அங்குலம் வேண்டும். அதே மறைப்பைத் துவைகல்லுக்கு 3 அடி தள்ளி வைத்தால் 6 அடியே போதும். வேலியைத் தொடாதீர்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் இரண்டை இரண்டடி ஆழக் கான்கிரீட்டில் நட்டு, இடையில் கம்பி இழுத்து முல்லையோ சங்குப்பூவோ படர விடுங்கள். உங்கள் அளவு வேறாக இருந்தால் ஒருவரை மாடி ஜன்னலில் நிற்கச் சொல்லி, மறைப்பு வரப்போகும் இடத்தில் ஒரு கழியில் துணியைக் கட்டி ஏற்றிப் பாருங்கள். கல்லருகே நிற்பவரின் தலை எந்த உயரத்தில் மறைகிறதோ கழியில் அங்கே சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, குழாயை அதைவிட அரையடி கூடுதலாக, மண்ணுக்குள் போகும் இரண்டடியையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.