ரெண்டு ஸ்பார்க் பிளக், பன்னிரண்டு வருஷ வழக்கு: பஜாஜ் – டிவிஎஸ் கேள்வி பதில்

சார், நான் பஜாஜ் பல்சர் ஓட்டுறேன். இன்ஜின்ல ரெண்டு பிளக் வைக்கிறதுக்கெல்லாம் பேட்டன்ட் (காப்புரிமை) தருவாங்களா?

வெறும் ரெண்டு பிளக் என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அது பழைய சங்கதி. பஜாஜ் 2002 ஜூலையில் விண்ணப்பித்து 2005 ஜூலையில் வாங்கிய பேட்டன்ட்டின் எண் 195904. சிலிண்டர் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை உள்ள சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில், பெட்ரோல் குறைந்த கலவையை ரெண்டு பிளக் கொண்டு எரிப்பதற்கே அவர்கள் உரிமை கோரினார்கள். அந்தக் கலவையில் தீ மெதுவாகத்தான் பரவும். ரெண்டு இடத்தில் பற்றவைத்தால் சீக்கிரம், முழுசாக எரியும், மைலேஜ் கூடும். அவ்வளவு சின்ன சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) ரெண்டாவது பிளக்குக்கு இடம் பண்ணி, ஆயில் படாமல் ஸ்லீவ் என்ற உறைக்குள் உட்கார வைப்பது நல்ல இன்ஜினியரிங் என்றே நினைக்கிறேன்.

ரெண்டு பிளக்கோட டிவிஎஸ் அறிவிச்ச ஃப்ளேம் பைக்கில் மூணு வால்வு ஆச்சே? அது எப்படி பஜாஜ் பேட்டன்ட்டை மீறும்?

சண்டையே அங்கேதான். மூன்று வால்வு (கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறக்கும் கதவு) இன்ஜின் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத் தொழில்நுட்பம், ரெண்டு பிளக் ஹோண்டாவின் பழைய அமெரிக்க பேட்டன்ட்டிலேயே இருக்கிறது என்றது டிவிஎஸ். வால்வைக் கூட்டினாலும் எங்கள் கண்டுபிடிப்பின் சாரம் அப்படியே இருக்கிறது என்றது பஜாஜ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பஜாஜுக்குச் சாதகமாக, டிவிஎஸ்ஸுக்கு எதிராக இடைக்காலத் தடையாணை கொடுத்தார். 2009 மே மாதம் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) அதை நீக்கியது. ஆவணம் ஒன்றே, பார்வைதான் வேறு.

கடைசியில் யார் ஜெயிச்சாங்க?

மூல வழக்கில் தீர்ப்பே வரவில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் வண்டியை விற்கலாம், விற்பனைக் கணக்கை ரிசீவர் (நீதிமன்றம் நியமிக்கும் கண்காணிப்பாளர்) பதிந்து வரட்டும் என்றது. தினமும் விசாரித்து நவம்பர் 30-க்குள் முடிக்கவும் சொன்னது. முடியவில்லை. 2019-ல் ரெண்டு கம்பெனியும் சமாதானமாகிவிட்டன. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்தான் பேட்டன்ட்டுக்கு ஆயுள். 2022-ல் தானாகவே முடிந்திருக்கும்.

ஃப்ளேமுக்கோ, தடையாணை வந்த அன்றே கதை முடிந்தது. ஒற்றை பிளக்கோடு கடைக்கு வந்த வண்டிக்குப் பழைய பேச்சு திரும்பவில்லை. புது பைக்குக்கு முதல் வருஷம்தான் சந்தை. அதனால் இந்த வழக்குகளில் இடைக்காலத் தடைதான் நிஜத் தீர்ப்பு என்பேன்.

மொபைல் ஆப் எழுதினா பேட்டன்ட் கிடைக்குமா அண்ணா?

வெறும் புரோகிராமுக்குக் கிடைக்காது தம்பி. பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(கே) தடுக்கிறது. கருவியின் செயல்பாட்டில் தொழில்நுட்ப முன்னேற்றம் காட்டினால் வாய்ப்பு உண்டு.

கோவையில் சின்னதா பம்ப் யூனிட் நடத்துறேன். பெரிய கம்பெனி ஒன்று பேட்டன்ட் மீறல்னு நோட்டீஸ் அனுப்பியிருக்கு. உற்பத்தியை நிறுத்தணுமா ஐயா?

பதறி நிறுத்தாதீர்கள், நோட்டீஸை மூலையில் போட்டும் வைக்காதீர்கள். முதலில் பேட்டன்ட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியான பேட்டன்ட்டை வைத்து மிரட்டுவதும் நடக்கிறது. உயிரோடு இருந்தால், பேட்டன்ட் ஆவணத்தின் கடைசியில் வரும் உரிமைக் கோரல்களை வரிவரியாக உங்கள் பம்ப்போடு ஒப்பிடுங்கள். ஒரு கோரலில் சொன்ன அம்சங்களில் ஒன்று உங்களிடம் இல்லாவிட்டாலும் வாதம் பலமாகும். அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய கேட்லாக், விற்பனை பில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக பிரிவு 106-ன் கீழ் நீங்களே வழக்குப் போடலாம். டிவிஎஸ்ஸும் 2007-ல் அப்படித்தான் நீதிமன்றம் போனது. இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேட்டன்ட் வக்கீலைப் பாருங்கள். பதில் கடிதத்தை அவரே எழுதட்டும்.