பட்டப்பகலில் எரியும் ஹெட்லைட்: பிசிஎம் மாற்றும் முன் டேஷ்போர்டைப் பாருங்கள்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2004 ஷெவர்லே சில்வராடோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உச்சி வெயிலிலும் ஹெட்லைட் தானாக எரிகிறது, ரேடியோவில் எழுத்து மங்கிப்போய்க் கண்ணுக்கே தெரிவதில்லை. இரவில் இடது பக்க விளக்கு மட்டும் சோகையாக எரிகிறது. வண்டியைக் காட்டிய இடத்தில் பிசிஎம் (BCM, விளக்கு போன்றவற்றை இயக்கும் வண்டியின் கணினிப் பெட்டி) போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார்களாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "டேஷ்போர்டு வெயிலில் வெடித்திருந்ததால் போன மாதம் மேலே ஒரு விரிப்பு போட்டேன் அண்ணா, இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது."

தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வண்டியில் டேஷ்போர்டின் மேலே, முன்கண்ணாடியை ஒட்டி ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதற்குள் இருக்கும் சென்சார்தான் ஆட்டோ ஹெட்லைட்டின் கண். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், இருட்டானால் ஏறும், பிசிஎம் அதைப் பார்த்து பகலா இரவா என்று முடிவு செய்கிறது. மேலே கம்பளம் போட்டு மூடினால் அதற்கு எப்போதும் நள்ளிரவுதான். வயர் அறுந்தாலும் பிளக் கழன்றாலும் இதே கதை, ஏனென்றால் பிசிஎம்மின் கணக்கில் அறுந்த வயரும் கும்மிருட்டும் ஒன்றுதான். ரேடியோ எழுத்து மங்குவதும் இதே காரணத்தால்தான்: இரவு என்று நினைத்துக்கொண்டு உள்விளக்குகளையும் சேர்த்துக் குறைக்கிறது. அந்த மங்கல்தான் எனக்கு நல்ல துப்பு. விளக்கை எரிய வைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால் ஹெட்லைட் எரியும், ஆனால் ரேடியோ பகல் வெளிச்சத்திலேயே இருக்கும், சாவியை எடுத்து வெகு நேரம் ஆகியும் விளக்கு அணையாது.

ஆகவே விரிப்பை எடுத்துவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே அணையவில்லை என்று பதற வேண்டாம். பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் விளக்கு எரிந்து எரிந்து அணையக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே தாமதம் வைத்திருக்கிறார்கள், இருட்டுக் கராஜிலிருந்து வெளியே வந்தால் பகலுக்கு மாற ஒரு நிமிடம் போல ஆகும். பொறுங்கள். எரிவது ஹெட்லைட்டா, பகலில் ஓடும்போது வழக்கமாகவே எரியும் வெறும் பகல் விளக்கா என்று சந்தேகம் வந்தால் இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள்: சிவப்பு விளக்கு எரிந்தால் ஹெட்லைட் கணக்கு, எரியாவிட்டால் அது பகல் விளக்கு, அதைத் தொட வேண்டியதில்லை.

விரிப்பை எடுத்ததும் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது. குமிழ் இருக்கும் இடத்தில் விரிப்பில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வண்டிக்குள் வைத்தே அறுக்காதீர்கள், அடையாளம் வைத்து வெளியே எடுத்து அறுங்கள். நானும் ஒரு முறை ஒரு பிக்கப்பில் சுவிட்சைக் கழற்றி மாட்டி அரை நாள் போராடிவிட்டு, டேஷ் மேல் கிடந்த தொப்பியைத் தற்செயலாக எடுத்தபோது விளக்கு அணைந்ததைப் பார்த்தவன்தான். அன்றைக்குக் கூலி வாங்கவில்லை.

விரிப்பை எடுத்தும் எரிகிறதா? சரி, அப்போது சென்சாரை மெதுவாக நெம்பி எடுத்து மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து இரண்டு முனையிலும் பிடியுங்கள். கையால் மூடினால் எண் ஏற வேண்டும், டார்ச் அடித்தால் மளமளவென்று இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் சென்சார் போச்சு, விலை அதிகமில்லை, மாற்றுங்கள். நன்றாக ஏறி இறங்கினால் பிளக்கில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா, வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முன்கண்ணாடி மாற்றிய வண்டி, ரேடியோ மாற்றிய வண்டி என்றால் இந்த வயரை யாரோ இழுத்திருக்கலாம்.

பிசிஎம்முக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் காசில்லாத வழி ஒன்று உண்டு. உள்விளக்கை அணைக்கும் டோம் பட்டனை ஆறு வினாடிக்குள் நான்கு முறை அழுத்துங்கள், ஒரு மணியோசை கேட்டு ஆட்டோ ஹெட்லைட் அணைய வேண்டும். அணைந்தால் பிசிஎம் சொல்பேச்சு கேட்கிறது, அதை மாற்றச் சொன்னவரிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம். சாவியை அணைத்துப் போட்டால் ஆட்டோ திரும்ப வந்துவிடும், எனவே சென்சார் வாங்கி வரும் வரை இதையே தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், இருட்டியதும் சுவிட்சைக் கையால் திருப்ப மட்டும் மறக்காதீர்கள். பிசிஎம் மாற்றுவது ரிலே மாற்றுவது மாதிரி இல்லை: வண்டியின் அடையாள எண்ணை (VIN) அதில் பதிய வேண்டும், திருட்டுத் தடுப்பு அமைப்போடு பழக்க வேண்டும், பழைய வண்டியிலிருந்து கழற்றியதை அப்படியே மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். அதனால் அது கடைசிப் படி.

இனி இடது விளக்கு. இதற்கும் சென்சாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆட்டோ எரியச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும்தான் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கோளாறு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் இரண்டு லோ பீம் பல்பையும் (பல்பு எண் 9006) இடம் மாற்றிப் போடுங்கள், பல்பின் கண்ணாடியில் விரல் படாமல். மங்கல் பல்போடு வலது பக்கம் போனால் பல்புதான். இடதிலேயே நின்றால் சாக்கெட்டைப் பாருங்கள். இருபது வருட வண்டியில் அந்தப் பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறி, உள்ளே தகடு தளர்ந்து, வயர் முனை கறுத்திருப்பது சாதாரணம். பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள். விளக்கு எரியும்போதே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை பல்பின் கிரவுண்டு (மைனஸ்) வயரிலும் பிடியுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கிரவுண்டில் அடைப்பு. வயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைத் தேடிக் கழற்றி, துரு போகத் தேய்த்து, இறுக்குங்கள். சாக்கெட் கருகியிருந்தால் வயரோடு சேர்ந்த புது சாக்கெட் கிடைக்கும். அதை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்து இணைத்து, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள்.