தவறவிட்டவன் கைக்கே மறுபடி பந்து

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஜனவரியில் வவுனியாவிலிருந்து வந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மதிய இடைவேளையில் எல்லோரும் கூடைப்பந்து பிளேஆஃப், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுகள், பற்றியே கதைக்கிறார்கள், நீங்கள் சோற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். நட்சத்திர வீரர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் உயர்வார்களா, ஒடுங்கிப்போவார்களா என்று அவர்களுக்குள் சண்டையாம். உங்கள் பிரிவிலேயே கெட்டிக்காரரான மனிதர் உங்களோடு வாய் திறப்பதே இல்லை, அவர் உங்களை வெறுக்கிறாரா என்றும் கேட்கிறீர்கள். கூடவே குளிர்ச் சட்டை, கார் காப்புறுதி, நிலவறை வாடகை.

குளிர்ச் சட்டைக்கும் காப்புறுதிக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். வாடகைக்கு மாதா மாதம் ரசீது வாங்குங்கள், அது போதும். மற்ற இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத் தெரிகின்றன. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் வந்திறங்கியது 1995 நவம்பர். ரொறன்ரோ ராப்டர்ஸ் என்ற கூடைப்பந்து அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் அதே மாதம் 3ஆம் திகதிதான். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், ஒக்டோபர் 30ஆம் திகதி, போரால் யாழ்ப்பாணம் பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவும் தங்கையும் அந்தச் சனத்துக்குள் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு துண்டுக் கடிதம் வந்துசேர ஏழு வாரம் எடுத்தது. அந்த ஏழு வாரமும் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் இரவு வேலை செய்தேன். போத்தல் மூடி வார்க்கும் இயந்திரம். என் மனம் இயந்திரத்தில் இருக்கவில்லை.

வேலை எடுத்துத் தந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். முதல் மூன்று சம்பளத்திலும் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். வரிசைக்குப் பொறுப்பும் அவரே. ஒருநாள் சூட்டின் அளவைப் பிழையாக வைத்துவிட்டேன். பெட்டி பெட்டியாக மூடிகள் கோணலாக விழுந்தன. அவர் எல்லோருக்கும் முன்னால் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை ஏசினார். என் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கிய கை இன்னும் இரண்டு பெட்டியைப் பாழாக்கியது.

அதே வரிசையில் கயானா நாட்டுக்காரர் ஒருவர் வேலை செய்தார். அந்தத் தொழிற்சாலையிலேயே வேகமான கை அவருடையது. ஆறு வாரத்தில் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. பெருமை பிடித்தவர் என்றே நினைத்திருந்தேன். அன்று அவர் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். என்னுடையதன் அளவைத் திருத்தி, முதலில் விழுந்த மூடியை விரலால் தட்டிப் பார்த்து, அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். காலையில் மேலாளர் விசாரித்தபோது, "எங்கள் வரிசையில் ஒரு பிழை நடந்தது, சரி செய்துவிட்டோம்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த இரவு அந்த இயந்திரத்தில் வேறு ஆளைப் போட இருந்தார்கள். என்னையே விடச் சொன்னவரும் அவர்தான்.

அவருடைய சின்ன வானொலியில்தான் நான் கூடைப்பந்தைக் காதால் கற்றேன். ஆங்கிலமும் பாதி அதிலிருந்து வந்ததுதான். வகுப்புக்குப் போக எனக்கு நேரம் இருக்கவில்லை.

இனி உங்கள் தோழர்களின் சண்டைக்கு வருகிறேன். அதற்கு 2019ஆம் ஆண்டுதான் என் பதில். அதற்கு முந்திய வருடம் ராப்டர்ஸ் 59 ஆட்டங்களை வென்றும், பிளேஆஃபில் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. ஒரு சுற்றில் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்கே அந்தச் சுற்று. 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து அதே அணியிடம் தோல்வி. பயிற்சியாளர் டுவேன் கேசியை விலக்கினார்கள். அடுத்த மாதமே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. பிறகு ஜூலையில், ஒன்பது பருவங்கள் இந்த நகரத்துக்காக ஆடிய டெமார் டிரோசனைக் கொடுத்து, சான் அன்டோனியோவிலிருந்து கவாய் லெனார்ட்டை எடுத்தார்கள். டிரோசனுக்கு அணியில் உயிர்த் தோழன் கைல் லௌரி. இதைக் கவனமாகக் கேளுங்கள், தம்பி. நிறுவனத்துக்கு உறவுமுறை கிடையாது. ஒன்பது வருடம் உழைத்தவனையும் ஒரு கோடை காலையில் அனுப்பிவிடும். "கொம்பனி எங்களைக் கைவிடாது" என்று சொல்லிச் சேமிப்பில்லாமல் இருந்த எத்தனையோ பேரை 2008இல் இதே நகரத்தில் பார்த்தேன். அவர்களில் இருவர் என் வீட்டு நிலவறையில் தங்கினார்கள்.

வந்த லெனார்ட் பேசாத மனிதர். முகத்தில் கோபமும் தெரியாது, மகிழ்ச்சியும் தெரியாது. இப்படிப்பட்டவர் எப்படித் தலைவராவார் என்று எங்கள் ஆட்கள் அந்தப் பனிக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உரத்துப் பேசுகிறவரையே தலைவர் என்று நம்பும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கோயில் நிர்வாகத்திலும் அப்படித்தான், பழைய மாணவர் சங்கத்திலும் அப்படித்தான்.

பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே, சொந்த அரங்கில், ஓர்லாண்டோவிடம் தோற்றார்கள். லௌரி ஏழு முறை எறிந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அடுத்த நான்கையும் வென்று அந்தச் சுற்றைக் கடந்தார்கள். பிலடெல்பியாவுடனான அடுத்த சுற்று ஏழு ஆட்டம் வரை இழுத்தது. அதில் மாற்று வீரர் ஃபிரெட் வான்விலீட்டுக்கு ஏறக்குறைய எதுவுமே விழவில்லை. புதுமுக வீரர்களை அணிகள் எடுக்கும் வருடாந்தத் தேர்வில் எந்த அணியும் எடுக்காத பையன் அவர், உயரமும் குறைவு. ஏழாவது ஆட்டத்தில் லெனார்ட் 39 தடவை எறிந்து 41 புள்ளி எடுத்தார். பார்த்தாயா, மற்றவனுக்குக் கொடுக்காமல் தானே எறிகிறான் என்று என் மைத்துனர் சொன்னார். உங்கள் தோழர்களில் ஒரு பாதி சொல்வதும் இதுதான். நான் அப்படிப் பார்க்கவில்லை. அன்று மற்றவர்களின் கை கட்டிப்போயிருந்தது. சுமையை ஒருவர் தூக்க வேண்டிய இரவு, அவர் தூக்கினார். தூக்கியதைச் சொல்லிக்காட்டவும் இல்லை.

அடுத்த சுற்றில் நடந்ததைப் பார்த்தால் அது விளங்கும். மில்வாக்கியிடம் முதல் இரண்டு ஆட்டமும் போயின. மூன்றாவது இரண்டு கூடுதல் நேரத்துக்குப் போனது. லெனார்ட் 52 நிமிடம் ஆடி, அந்த அணியின் நட்சத்திரம் யானிஸ் என்ற மலையைத் தடுத்துக்கொண்டே 36 புள்ளி எடுத்து வென்று கொடுத்தார். நான்காவது ஆட்டத்தில் அவருக்கு வெறும் 19 புள்ளி. காலும் சரியாக இல்லை. ஆனால் வாங்கிலிருந்து எழுந்து வந்த மூவர், பவல், இபாகா, வான்விலீட், சேர்ந்து 48 புள்ளி குவித்தார்கள். வான்விலீட்டுக்கு அந்த இடைவெளியில் மகன் பிறந்திருந்தான். ஐந்தாவதில் லெனார்ட் 35 புள்ளியோடு ஒன்பது தடவை மற்றவர்கள் எறிந்து புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுத்தார். வான்விலீட் ஏழு தடவை மூன்று புள்ளி எறிதலை விழுத்தினார். மூன்று வாரமாகத் தவறவிட்ட பையனுக்கு, அந்த நெருக்கடியில், அந்த மட்டத்து வீரர் பந்தைக் கொடுக்கிறார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் உள்ளங்கையில் அந்தப் போத்தல் மூடி இருந்தது போல இருந்தது. மனைவி என்னைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள்.

அதே நகரம் பிலடெல்பியாவில், 2021இல், மறுபக்கத்தையும் பார்த்தோம். கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த பிலடெல்பியா அணி, அட்லாண்டாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. பிலடெல்பியாவின் பென் சிம்மன்ஸ் கூடைக்குக் கீழே நின்றும் எறியப் பயந்து பந்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் அதே அணியின் நட்சத்திரம் ஜோயல் எம்பீட், அந்த இடத்தில்தான் ஆட்டம் திரும்பியது என்று ஊடகத்தின் முன் சொன்னார். சிம்மன்ஸை வைத்து வெல்ல முடியுமா என்று கேட்டதற்குப் பயிற்சியாளரும் ஆம் என்று சொல்லவில்லை. சிம்மன்ஸ் அதன் பிறகு அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த பெப்ரவரியில் புரூக்ளினுக்கு மாற்றினார்கள். எம்பீட் சொன்னது பொய்யில்லை. அவரைப் பெரிய வீரர் என்று மதிக்கிறேன். ஆனாலும் பலர் பார்க்கச் சொன்ன உண்மை நடுங்கும் கையை எப்படியாக்கும் என்று எனக்குத் தெரியும். சிம்மன்ஸைக் கோழை என்று எல்லோரும் ஏசியபோது நான் ஏசவில்லை.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் லௌரிதான். தோழனை நிறுவனம் அனுப்பிவிட, அவனுடைய இடத்தில் வந்த மனிதனோடு ஆட வேண்டியிருந்தது. ஆடினார். எதிரே பாய்ந்து வரும் பெரிய ஆட்களின் வழியில் நின்று, மோதலை நெஞ்சில் வாங்கி விழுந்து, பந்தைத் தன் பக்கம் திருப்புவார். இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், ஜூன் 13, ஓக்லாந்து. ராப்டர்ஸின் முதல் 11 புள்ளிகளையும் அவரே எடுத்தார். கடைசிக் காற்பகுதியில் வான்விலீட் 12 புள்ளி எடுத்தார். 114க்கு 110. என்பிஏ என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் கனடாவுக்கு முதல் கிண்ணம்.

அந்தச் சுற்றில் நடந்த ஒன்றை நீங்கள் வேலைத்தளத்துக்கு எடுத்துப் போக வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் லௌரி பந்தைப் பிடிக்கப் பாய்ந்து பார்வையாளர் வரிசையில் விழுந்தார். எதிரணியின் பங்குதாரர்களில் ஒருவர் அவரைத் தள்ளினார். லௌரி திருப்பித் தள்ளவில்லை. நடுவரிடம் போய், இன்னார் என்று கையால் காட்டினார். அந்தப் பங்குதாரருக்கு ஐந்து லட்சம் டொலர் அபராதமும் ஒரு வருடத் தடையும் கிடைத்தன. உங்களையும் யாராவது தள்ளுவார்கள், தம்பி. கையாலும் தள்ளலாம், சொல்லாலும் தள்ளலாம். கையை ஓங்காதீர்கள், விழுங்கிக்கொண்டும் வராதீர்கள். திகதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று அன்றே எழுதி வைத்துப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். என் சம்பளத்தில் பங்கு எடுத்தவரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அதனால் எனக்குப் பின் வந்த நான்கு பேரிடமும் அவர் எடுத்தார். அந்த நினைப்பு இன்றும் என்னைக் குத்துகிறது.

நம்மவர்கள் உங்களிடம் சொல்வார்கள்: வேலைக்குப் போ, வா, அவர்களோடு கலக்காதே, கூடைப்பந்து நமக்கு எதற்கு, கிரிக்கெட் பார். முப்பது வருடமாக இந்த நகரத்தில் இருந்துகொண்டு பக்கத்து மேசைக்காரனின் பெயர் தெரியாதவர்களின் அறிவுரை இது. நவ் பாட்டியா என்ற சீக்கியரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984இல் இந்தியாவிலிருந்து வந்தவர், பொறியியல் படித்தும் அந்த வேலை கிடைக்காமல் கார் விற்றார். முதல் பருவத்திலிருந்து ராப்டர்ஸின் ஆட்டங்களுக்குத் தலைப்பாகையோடு போய் உட்கார்ந்தார். 2019இல் வீரர்களுக்குக் கொடுத்த அதே வெற்றி மோதிரத்தை அவருக்கும் கொடுத்தார்கள். அந்த அணியைக் கட்டிய மசாய் உஜிரி நைஜீரியாவில் வளர்ந்தவர். வீரர்களில் சியாக்கம் கமரூன், இபாகா கொங்கோ, கசோல் ஸ்பெயின். நம்மைப் போல எங்கிருந்தோ வந்தவர்கள்தான். பாருங்கள். இடைவேளையில் ஒரு கேள்வி கேளுங்கள், போதும். கேள்வி கேட்பவனை இந்த நாட்டில் யாரும் விரட்டுவதில்லை.

லெனார்ட் வென்று ஒரு மாதம் முடியுமுன் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். நன்றி கெட்டவன் என்று அன்று பேசியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்து ஒருவன் போவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு வேலை யாழ்ப்பாணத்தில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

உங்கள் பிரிவின் அந்தப் பேசாத மனிதரை வெறுக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் பிழை விடும் நாளில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதுவரை பொறுங்கள்.

பிலடெல்பியாவுடனான அந்த ஏழாவது ஆட்டம் 2019 மே 12, அன்னையர் தினம். அம்மா 2003இல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். அன்று என் பக்கத்தில் சோபாவில் இருந்தார், வலது கையில் தேநீர்க் கோப்பை. தொண்ணூறுக்குத் தொண்ணூறு. மூலையிலிருந்து லெனார்ட், எம்பீட்டின் கைக்கு மேலாக எறிந்தார். மணி அடித்துவிட்டது, பந்து வளையத்தில் குதித்துக்கொண்டிருக்கிறது. நான்கு தடவை. அம்மாவுக்கு ஆட்டம் விளங்காது, என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "விழுந்ததா, மகன்?" என்று கேட்டார். விழுந்தது, அம்மா என்றேன். வெளியே கார்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

நான் கயானாக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓய்வு பெற்று ஒஷாவாவில் இருந்தார். எடுத்தார், வழக்கம் போல ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் அதே எறிதலைத் திரும்பத் திரும்பக் காட்டும் சத்தம் கேட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.