சட்டம் கேளுங்கள்: டீச்சரைக் கூண்டில் ஏற்றுங்கள்

கேள்வி: தரம் 4 படிப்பிக்கிறேன். வழக்கு எப்படி நடக்கும் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். நீதிமன்றம் என்றால் சுத்தியல், "ஆர்டர் ஆர்டர்", தூக்குத் தண்டனை, இவ்வளவும்தான் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- ஓர் ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

பதில்: சுத்தியல் சினிமாவில் வருவது டீச்சர், எங்கள் நீதிபதிகள் அதைத் தட்டுவதில்லை என்று சொல்லிவிட்டு நேரே ஒரு வழக்குக்குப் போய்விடுங்கள். நீதிமன்றங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்க வைக்க வேண்டாம், பரீட்சை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கட்டாக்காலி மாடு தெரியாமல் இருக்காது. பாடசாலைத் தோட்டத்துப் படலையை யாரோ திறந்து விட்டார்கள், மாடு புகுந்து கத்தரிக்கன்றுகளைத் தின்றுவிட்டது, இதுதான் வழக்கு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், யார்? நீங்கள்தான். குழப்படி செய்கிற பிள்ளையை விளையாட்டுக்குக்கூட எதிரியாக்கக் கூடாது, அந்தப் பெயர் வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். டீச்சர் கூண்டில் நின்றால் வகுப்பே துள்ளும்.

அப்புறம் சாட்சிகள், உண்மையான பாடமே இங்கேதான். ஒரு பிள்ளை "டீச்சர்தான் திறந்தவ, அக்கா சொன்னா" என்று சொல்லும். சட்டத்தரணியாக நிற்கிற பிள்ளை உடனே "நீ கண்டியா?" என்று கேட்க வேண்டும். காணவில்லை என்றால் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும், அடுத்தவர் சொல்லிக் கேள்விப்பட்டதை நீதிமன்றம் பொதுவாகச் சாட்சியமாக எடுப்பதில்லை. இன்னொரு பிள்ளை "நான் கண்ணால கண்டேன்" என்று அடித்துச் சொல்லும். "எங்க நிண்டு?" "கிணத்தடியில." சரி, எல்லோரும் எழும்பிக் கிணற்றடிக்குப் போங்கள். அங்கே நின்றால் படலை தெரிகிறதா, வேப்பமரம் மறைக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். குறுக்கு விசாரணையை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

"நீங்க திறந்தீங்களா இல்லையா?" என்று கட்டாயம் கேட்பார்கள். வாயே திறக்காதீர்கள். எதிரி பேசாமல் இருக்கலாம், நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவருடையது. நிரூபிக்கப்படும் வரை எவரும் சுத்தவாளி என்பது இலங்கை அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை.

தீர்ப்பை ஏழு பிள்ளைகளிடம் விடுங்கள். மேல் நீதிமன்றத்தில் பாரதூரமான சில வழக்குகளில் எதிரி விரும்பினால் ஜூரிகள் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள்) ஏழு பேர் இருப்பார்கள், தீர்ப்பு ஒருமனதாகவோ குறைந்தது 5க்கு 2 ஆகவோ வர வேண்டும் (இப்போது பெரும்பாலும் ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரிக்கிறார், அதையும் சொல்லிவிடுங்கள்). 4க்கு 3 வந்தால் சண்டை வரும், வரட்டும். விடுதலை என்று முடிந்தால் "அப்ப யார் திறந்தது?" என்று முகம் வாடும். அதற்கு நீங்கள் பதில் தேடிக் கொடுக்காதீர்கள், அப்படியும் வழக்குகள் முடிவதுண்டு.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. "களவெடுத்தால் கோட்டில் நிறுத்தி மறியலில் போடுவார்கள்" என்று மாமி வெருட்டுகிறார். இது சரியா?
- ஒரு தந்தை, அக்கரைப்பற்று

பதில்: சட்டப்படியே பிழை. முன்பு எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது குற்றமாகாது என்றிருந்தது, 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அந்த வயதை 12 ஆக்கினார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளை கோட்டுக்குப் போக நேர்ந்தால் அநேகமாகத் தனக்கு நடந்ததை அல்லது தான் கண்டதைச் சொல்லத்தான் போகும், நீதிபதி என்றாலே பூச்சாண்டி என்று பழக்கி வைத்தால் அன்றைக்கு வாயில் ஒரு சொல் வராது. மாமியிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மாடு பயிரை மேய்ந்த தகராறெல்லாம் உண்மையில் கோட்டுக்குப் போகுமா? மகள் கேட்கிறாள்.
- ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: அநேகமாக முதலில் இணக்க சபைக்குப் போகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. அங்கே நீதிபதியும் இல்லை, சட்டத்தரணியின் வாதமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இரு பக்கமும் இருந்து பேசி இணங்கினால் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள், இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழோடு கோட்டுக்குப் போகலாம். பல ஊர்களில் வார இறுதியில் பாடசாலைக் கட்டடத்தில்தான் கூடுகிறது, மகளின் பாடசாலையில்கூட நடக்கலாம், அதிபரைக் கேட்டுப் பாருங்கள்.