அப்பா அம்மாவை ஜெர்மனிக்கு அழைக்கும் தம்பிக்கு

தம்பி, வணக்கம். டார்ட்மண்டுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஜூனில் அப்பா அம்மாவை மதுரையிலிருந்து இரண்டு மாதத்துக்கு அழைக்கிறேன், அப்பா இன்சுலின் போடுகிறவர், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. என் அப்பா மூன்று தடவை வந்து போயிருக்கிறார். அவரை வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருந்து. முதல் தடவை வந்தபோது அப்பா பிரஷர் மாத்திரையை எல்லாம் பெரிய பெட்டியில் போட்டுவிட்டார். பெட்டி மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. இறங்கியது ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடைகள் பூட்டிக் கிடந்தன. முறை போட்டுத் திறந்திருந்த ஒரு கடையைத் தேடிப் போனோம். அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு காலி அட்டை. கடையில் இருந்த பெண் அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் ஊர் கம்பெனி வைத்த பெயர் அவருக்கு விளங்கவில்லை. கிழிந்த ஓரத்தில் பாதி அழிந்து ‘அம்லோடிபின் 5’ என்று இருந்ததைப் படித்த பிறகுதான் முகம் தெளிந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார். அவசரமில்லாத மருத்துவ உதவிக்கான 116117 எண்ணை அழைத்து, விடுமுறை நாள் டாக்டரைப் பார்த்து, சீட்டோடு திரும்பி வர இருட்டிவிட்டது. “வந்ததும் உனக்குத் தொந்தரவாகிவிட்டேனே” என்றார் அப்பா. அந்த வார்த்தை உங்கள் அப்பா வாயிலிருந்து வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். அதில் கம்பெனிப் பெயர் போதாது. மருந்தின் மூலப்பெயரும் அளவும் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை கொண்டுவரலாம். இன்சுலினும் ஊசியும் அந்தக் கடிதத்தோடு கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் போனால் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். கோடையில் இங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். பயண நாளில் எந்த ஊசியை எப்போது போடுவது என்பதையும் அதே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஜூனில் இங்கே பொழுது சாய்வது இரவு ஒன்பதே முக்காலுக்கு. இருட்டின பிறகு சாப்பிட்டுப் பழகியவர் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து, ஊசியும் சாப்பாடும் முன்பின்னாகிவிடும். கடிகாரத்தில் அலாரம் வைத்துக் கொடுங்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலிவானதை எடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயால் திடீரென்று ஏதாவது ஆனால் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகள் அங்கேதான் கைவிரிக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அந்த எண்ணை அம்மாவின் போனிலும் போட்டுவையுங்கள்.

சாமான் விஷயத்தில் அம்மாவோடு வாக்குவாதம் வரும். நெய், பால் சாமான், இறைச்சி எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, பிடுங்கிவிடுவார்கள். தேங்காயும் கருவாடும் கொண்டுவரலாம்.

பழக்கவழக்கம் என்று பெரிதாகப் பயமுறுத்த வேண்டாம். டாக்டரின் கிளினிக்கில் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால், முன்பின் தெரியாதவர்களுக்கும் பொதுவாக ஒரு ‘குட்டன் டாக்’ (வணக்கம்) சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் முகம் சுளிப்பார்கள். இரவு பத்துக்கு மேலும் ஞாயிறு முழுதும் மிக்ஸி, சுத்தியல் சத்தம் ஆகாது. இட்லி மாவைச் சனிக்கிழமையே அரைத்துவிடச் சொல்லுங்கள். நடைபாதையை ஒட்டிய சைக்கிள் பாதையில் பெரியவர்கள் தெரியாமல் நடப்பார்கள், சைக்கிள் வேகமாக வரும். முதல் நாளே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். விதியைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே ‘சத்தம் போடாதீங்க’ என்று ஐந்து தடவை சொன்னால் அவர்கள் வாய் பேசுவதையே விட்டுவிடுவார்கள். என் அம்மா அப்படி ஒரு வாரம் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் வேலைக்குப் போன பின் நாள் நீளமாகத் தெரியும். வீட்டு விலாசமும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டைப் பையில் வைத்து, ‘ஸ்வை ப்ரோட்ஷன், பிட்டெ’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்து, அப்பாவைத் தெருமுனை பேக்கரிக்குத் தனியே அனுப்பிப் பாருங்கள். இரண்டு பன், தயவுசெய்து என்று அர்த்தம். என் அப்பா இரண்டாவது வருகையில் தினமும் காலை ஏழு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

உங்களுக்குப் பக்கத்தில் ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் 2002-இல் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அங்கே தேர் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். இந்த வருடத் தேதியைக் கேட்டுவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.